நகத்தால் படித்த பாரம்

அப்பாவுக்குக் கண் தெரியாது. கண் தெரிந்த காலத்திலும் அவருக்கு எழுத்துத் தெரியாது. அப்படிப்பட்டவர், தானே படித்துப் பார்க்காத காகிதத்தில் கைநாட்டு வைக்கமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அவருக்குக் குடியுரிமை மனுப் பாரம் வாங்கி வந்து நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தபோது, ரப்பர் பாலை உறைய வைக்கும் திராவகம் தெறித்து இரண்டு கண்ணும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி ஒரு காகிதத்தை நீட்டி, "லீவு பேப்பர், பெரு விரல வையி" என்றார். அப்பா வைத்தார். சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறேன் என்று எழுதியிருந்த காகிதம் அது. அந்த மாதமே தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணி, பட்டணத்து ஓரம் காஜா பெராங்கில் ஒரு மலாக்கா செட்டி வீட்டின் பின்கட்டுக்கு வாடகைக்கு வந்தோம். நான் படித்ததும், பட்டணத்து ரப்பர் கிடங்கில் கிராணி வேலைக்குப் போனதும் அங்கிருந்துதான்.

பாரத்தை மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். மலாயில் ஒரு தடவை, தமிழில் இரண்டு தடவை.

"நல்லாத்தான் வாசிக்கிற. அவனும் நல்லாத்தான் வாசிச்சான்" என்றார் அப்பா.

"அவனும் நானும் ஒண்ணாப்பா?"

"வேல ஒண்ணுதான?"

அம்மா முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனுப் போடும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு போனால் மலாயில் கேள்வி கேட்பார்கள், சாட்சி கேட்பார்கள் என்று பட்டணத்தில் பேசிக்கொண்டார்கள். தோட்டத்தை விட்டு வெளியே போ என்றதைப் போல ஒருநாள் நாட்டை விட்டும் போ என்று அப்பாவிடம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு.

பார்வையில்லாதவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தைப் பற்றி விசாரித்தேன். கற்றுக்கொள்ள மாதக்கணக்காகும். கற்றாலும் பிரயோஜனமில்லை, குடியுரிமைப் பாரத்தைப் புள்ளியில் யார் அச்சடித்து வைத்திருக்கிறார்கள்?

"புள்ளியெல்லாம் வேணாம். எனக்கு அச்செழுத்தே தெரியும்" என்றார் அப்பா.

ரப்பர் ஷீட்டில் தோட்டத்தின் பேரும் ஊரும் கம்பெனியும் மார்க்காக விழுவதற்காக, கடைசி ரோலரில் ரூமி எழுத்துகளை, மலாய் எழுதப் பயன்படும் அந்த ஆங்கில எழுத்துகளை, குடைந்திருப்பார்கள். அந்தப் பள்ளங்களில் உறைந்த பால் அடைத்துக்கொள்ளும். தினமும் வேலை முடிந்ததும் அதை நகத்தால் நோண்டி எடுப்பது பதினோரு வருஷம் அப்பாவின் வேலை. எந்த எழுத்துக்கு என்ன சத்தம் என்று தெரியாது. உருவம் ஒவ்வொன்றும் விரலுக்குத் தெரியும் என்றார். பேசுகிற மலாயும் அவருக்கு உண்டு. சத்தத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று நானும் நம்பிவிட்டேன்.

கைநாட்டு இடத்துக்கு மேலே இருக்கும் உறுதிமொழியை மட்டும் படித்தால் போதும் என்று ஒப்பந்தம். மளிகைக் கடைக் காலண்டர் அட்டைகளைச் சேர்த்தேன். மடித்த கைலி மேல் அட்டையை வைத்து, மொட்டையான குடைக்கம்பியால் அழுத்தி எழுதினால் மறுபக்கம் எழுத்து மேடாக எழும்பும். ஆனால் நேராக எழுதினால் மேடு இடம் வலம் மாறி விழும். அதனால் முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே நிறுத்தி, வலமிருந்து இடமாக, எழுத்தைத் திருப்பித் திருப்பி எழுதப் பழகினேன். கிடங்கிலிருந்து வந்த களைப்போடு, சாயங்கால வெளிச்சம் போகிறவரை தினமும் அதே வேலை. ஒருநாள் கிடங்குக் கணக்குப் புத்தகத்திலேயே ஒரு எழுத்தைத் திருப்பிப் போட்டுப் பெரிய கிராணியிடம் திட்டு வாங்கினேன்.

முதல் அட்டையைத் தடவிய அப்பா, "கூரை சரி. தூண் சரி. வட்டம் சரி. இந்தா, இது கோணல். இதுவும் கோணல்" என்றார்.

"எதுவும் கோணல் இல்லப்பா. நான் ஸ்கூல்ல படிச்சவன்."

"நீ படிச்சிருப்ப. நான் பதினோரு வருஷம் நோண்டியிருக்கேன்."

இன்னும் அழுத்தி எழுதினேன். இன்னும் பெரிதாக எழுதினேன். ஒரு வாரம் போனது. கூரை, தூண், வட்டம் மாதிரி சிலது மட்டும் சரியாகவே இருந்தன. மற்றவை கோணலாகவே இருந்தன. நாலு அட்டையைக் கிழித்தேன். அன்றைக்கு நான் சாப்பிடவுமில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா கூட்டிப் பெருக்கிவிட்டு, கீழே கிடந்த அட்டையை எடுத்து அப்பா கையில் கொடுத்தாள். மேட்டுப் பக்கம் கீழே, பள்ளப் பக்கம் மேலே. அப்பா நகத்தை வைத்தார். நகம் பள்ளத்துக்குள் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"இதாண்டா எழுத்து. இத்தன நாளு எங்க வச்சிருந்த?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரோலரில் எழுத்தை இடம் வலம் மாற்றித்தானே குடைந்திருப்பார்கள். ஷீட்டை எடுத்துத் தொங்கப்போடுவது வேறு ஆள். அப்பா தன் வாழ்நாளில் நேரான எழுத்தைத் தொட்டதே கிடையாது. கூரையான ஏ, தூணான ஐ, வட்டமான ஓ என்று இரண்டு பக்கமும் ஒன்றாயிருக்கும் எழுத்துகள் மட்டும் அவருக்கு ஏன் சரிப்பட்டன என்று யோசித்திருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். ஸ்கூலில் படித்தவனுக்கு அது தோன்றவில்லை.

அதன்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் நான் சத்தம் சொல்லிக்கொடுக்க, வேலை வேகமாக நடந்தது. அட்டையின் வலது ஓரத்திலிருந்து தொடங்கி, நகத்தால் துழாவி, சத்தங்களைக் கூட்டிக் கூட்டி ஒரு மலாய் வார்த்தையைப் பிடிப்பார். பிடித்ததும் அம்மாவைப் பார்த்து, இல்லை, அம்மா இருக்கும் திசையைப் பார்த்து, அதை இரண்டு தரம் சொல்வார். கெடுவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது மூன்று அட்டையையும் முடித்துவிட்டார்.

"அப்ப கைநாட்டு வைக்கலாமா?"

"இரு. இந்த அட்டைய எழுதினது யாரு?"

"நான்தான்."

"பாரத்துல இருக்கறதத்தான் எழுதினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்பா வீட்டுக்காரச் செட்டியைக் கூப்பிட்டார். அவர் நெற்றியில் விபூதி பூசி, கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாய் நிற்பவர். பேச்சு மட்டும் முழுக்க மலாய். ரூமி நன்றாக வாசிப்பார். பாரத்தை அவரிடம் கொடுத்து, நிறுத்தி நிறுத்தி வாசிக்கச் சொன்னார் அப்பா. அவர் ஒவ்வொரு வார்த்தையாக வாசிக்க, அப்பாவின் நகம் அட்டையில் அதன் பின்னால் போனது. மூன்றாம் அட்டையின் கடைசியில் நகம் நின்றது.

"சுடா ஹாபிஸ்" என்றார் அப்பா. முடிந்துவிட்டது.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பாரத்தைப் பார்த்தார். "பெலும், தம்பி. அடா லாகி." இன்னும் முடியவில்லை, மிச்சம் இருக்கிறது.

மிச்சம் இருந்தது. வேறெந்த நாட்டின் குடியுரிமையும் எனக்கு வேண்டாம், அதைக் கைவிடுகிறேன் என்ற வரி. வாசித்துக் காட்டிய மூன்று தடவையும், அட்டையில் எழுதும்போதும் அதை நான் விட்டுவிட்டேன். இந்தியாவில் பிறந்த ஊரைக் கைவிடு என்றால் அப்பா அடியோடு மறுத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அட்ட தீந்துபோச்சுப்பா" என்றேன்.

அப்பா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அந்தக் கிராணியும் லீவு பேப்பர்னுதான் சொன்னான்" என்றார். குரலை உயர்த்தவில்லை. வீட்டுக்காரர் பாரத்தை மெதுவாக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் அட்டை உண்மையிலேயே இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் பரீட்சைச் சான்றிதழைக் கழற்றி, அதன் பின்னட்டையை உருவி, விட்ட வரியை அதில் எழுதினேன். அப்பா அதைப் படிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். படித்து முடித்து, வீட்டுக்காரரை மறுபடி வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டுக் கேட்டார்:

"இதுக்கா ஒளிச்ச?"

"நீங்க ஒத்துக்கமாட்டீங்கன்னு..."

"என்னைக் கேட்டியா?"

மை தடவி அவர் பெருவிரலைப் பிடித்துப் பாரத்தின் மேல் கொண்டுபோனேன். கையை உதறிக்கொண்டார். இடத்தையும் தானே கண்டுபிடிக்க வேண்டுமாம். குடைக்கம்பியால் அந்தக் கட்டத்தைச் சுற்றிப் பள்ளமாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். இடது கை நகத்தால் நாலு பக்கமும் தேடிப் பார்த்து, நடுவில் பெருவிரலை வைத்து அழுத்தினார்.

கெடுவுக்கு முந்தின நாள் பாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, அரசாங்கக் காகிதத்தை இப்படிக் கிழிக்கப் பார்த்தாயே, படித்தவன்தானே நீ என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் திட்டினார்.