எல்லைக்கு இப்பால் வந்த தண்ணீர்

பாலாறு எங்கள் சீமையில் பிறந்ததன்று. மைசூர் மகாராஜாவின் நாட்டில் நந்தி மலைப் பக்கம் ஊறி, கோலார் மேட்டு நிலத்தில் ஏரிக்கு ஏரி நின்று இறங்கி, எல்லைக் கல்லைத் தாண்டித் தெலுங்கு பேசும் சில ஊர்களைத் தொட்டு, மலைச்சரிவு வழியே வாணியம்பாடிக்கு வரும். மேலே சிற்றோடையாக இருப்பது, எங்கள் ஆம்பூரில் அகன்ற மணலுக்குள் ஒளிந்துகொள்ளும். மைசூர்க்காரர்கள் ஏரிகளில் தேக்கிக்கொள்வதால்தான் நம் ஆறு காய்கிறது என்று சொல்லிக் குறைபடுவது எங்கள் ஊரில் நலம் விசாரிப்பதைப் போல ஆகிவிட்டிருந்தது.

என் ஒரே மகளை எல்லைக்கு அப்பால், அதே ஆற்றின் மேல்கரையில் உள்ள ஓர் ஊரில் கொடுக்கப் பேசினோம். நிச்சயம் செய்யக் கார்த்திகை மாதக் காலையொன்றில் மாப்பிள்ளையின் தாயாரும் அவருடைய தம்பியும் ரயிலில் வந்து இறங்கினார்கள்.

"எங்க தண்ணியையெல்லாம் கட்டி வெச்சிக்கிட்டு எங்கள மணல்ல தோண்ட விட்டுட்டீங்களே, சம்பந்தியம்மா" என்று ஸ்டேஷனிலேயே ஆரம்பித்தேன்.

"பொண்ணு கேட்டு வந்தா தண்ணிக்கு நியாயம் கேக்கறாரே! தட்டு மாத்தறதுக்குள்ள நம்மள கோர்ட்ல நிறுத்திடுவாரு போல இருக்குது, அக்கா" என்றார் தம்பி.

அந்த அம்மையார் சிரித்தார். "போன மாசம் ஏரி வழிஞ்சி ஜாஸ்தியாவே விட்டோம், சம்பந்தி. ஒழுங்கா வந்து சேந்துதான்னு பாக்கறேன். ஆத்துல முழுகிட்டு வந்துதான் தட்டத் தொடுவேன்."

நல்ல காரியத்துக்கு முன் ஆற்றில் முழுகுவது அவர்கள் வீட்டு வழக்கம். வீட்டில் வெந்நீர் போட்டு வைத்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. என் மனைவி அழைத்துப்போனாள். கரை நெடுகத் தோல் பதனிடும் ஷாப்புகள். ரோமம் கழிக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளையும் தோல் ஊறும் பட்டைத் தொட்டிகளையும் ஆற்றில்தான் திறந்துவிடுவார்கள். அமிர்திக் காட்டுப் பக்கத்திலிருந்து ஆவாரம் பட்டையை வண்டி வண்டியாக வரவழைத்து அந்த ஷாப்புகளுக்குக் கொடுப்பதே என் தொழில். அந்தத் தொழிலில் வந்த சோற்றை உண்டு, கிணற்றடியில் குளித்து, நீறணிந்து பதிகம் பாடிக்கொண்டிருந்தவன் நான்.

சற்று நேரத்தில் சம்பந்தியம்மாள் உலர்ந்த சேலையோடு வீட்டுக்குத் திரும்பினார். பின்னால் வந்த என் மனைவி தலை நிமிரவில்லை.

"இன்னா அக்கா, முழுகலையா?"

"ஆத்துக்கே சாயம் போட்டு வெச்சிருக்காங்கடா. ஆட்டு ரோமம் நுரையில ஒட்டிக்கிட்டுப் போவுது."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "கோவிச்சிக்காதீங்க. நாங்க விட்டது கம்மின்னே வெச்சிக்கோங்க. ஆனா விட்டது இப்படி இல்ல, சம்பந்தி."

நேரே என் முகத்தில் உமிழ்ந்திருந்தாலும் அவ்வளவு கூசியிருக்கமாட்டேன். கதவுக்குப் பின்னால் என் மகளின் வளையல் ஒலி நின்றுபோனது. நிச்சயம் இத்தோடு போயிற்று என்றே நினைத்தேன்.

"பொண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. தட்டு மாத்திக்கலாம்" என்றார் அவர். "ஒண்ணே ஒண்ணு. தலைப்பிரசவத்துக்கு இங்க அனுப்பமாட்டேன். பச்சக் கொழந்தைய இந்தத் தண்ணியில குளிப்பாட்ட எனக்கு மனசு வராது."

தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கவேண்டியது. அதை மறுப்பது அந்த வீட்டையே மறுப்பதாகும். எங்கள் வீட்டில் நல்ல கிணறு இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆற்று மணலில் ஊறி வரும் நீர்தான் அது என்பது, ஆற்றங்கரையில் வாழ்ந்தவருக்குத் தெரியாதா? முடியாது என்றால் மகளின் கலியாணம் நின்றுவிடும். சரி என்றால், ஒரு குழந்தையைக் குளிப்பாட்டத் தகாத வீடு இது என்று நானே சபையில் ஒப்புக்கொள்வதாகும்.

"அப்படியே ஆகட்டும்மா" என்றேன்.

தட்டு மாறியது. அப்போது பாட வேண்டிய பதிகத்தை நான் தொடங்கவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. மனைவி வந்தவர்களுக்குக் குடிக்கச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அதை அவர்கள் முன் வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், கையிலேயே பிடித்தபடி நின்றாள்.