அக்கா வராத ஊர்

சித்தப்பா தொலைபேசியில் சார்புறூக்கனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அந்த நகரத்தையே அவர்தான் கட்டியதுபோல் இருக்கும். ஜேர்மனியில் ஒரு சின்ன மாநிலத்தின் தலைநகரம் அது. நடுவே ஆறு, இரு பக்கமும் காடு மூடிய மலை. பெரிய நகரங்களில் ஓர் அறைக்குக் கேட்கும் வாடகைக்கு அங்கே முழு வீடே எடுக்கலாம். “தலைநகரம் எண்டு பயப்பிடாதேங்கோ அண்ணை, காலமை நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் சுத்தி முடிச்சிடலாம்” என்று அப்பாவுக்குத் தைரியம் சொல்வார்.

நாங்கள் அப்போது இத்தாலியின் பலெர்மோவில், போர்கோ வெக்கியோச் சந்தைக்கு மேலே இரண்டு அறைகளில் இருந்தோம். அப்பா ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். அம்மா, பணக்காரர்கள் வாழும் லிபெர்த்தாவில் படுக்கையோடு இருந்த ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோராவைப் பராமரித்தார். அக்கா மன்னாரில் பிறந்து ஐந்து வயதில் அங்கே வந்தவள். நான் பலெர்மோவிலேயே பிறந்தவள், அவளுக்கு எட்டு வயது இளையவள். எனக்குச் சோறு போட்டதும் தலை பின்னியதும் அவள்தான். என் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வரச்சொன்னால் அம்மாவின் கைப்பையை மாட்டிக்கொண்டு போய் நின்றதும் அவள்தான்.

ஜேர்மனிக்குப் போய்க் குடியேற இத்தாலியக் குடியுரிமை வேண்டும் என்று அப்பா விண்ணப்பித்து வருடக்கணக்கில் காத்திருந்தார். அவர் உறுதிமொழி எடுக்கும் நாளில் பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளுக்கும் அது கிடைத்துவிடும். அக்காவுக்கு மார்ச்சில் பதினெட்டு. அந்தக் குளிர்காலம் முழுவதும் உறுதிமொழி நாள் மார்ச்சுக்கு முன்பே வரவேண்டுமென்று அவள் ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினாள். நானும் பின்னால் ஏறுவேன். பக்தியால் அல்ல, இறங்கும்போது வறுத்த கடலை வாங்கித் தருவாள் என்பதால்.

புனிதை எங்கள் கணக்கில் நாட்களை எண்ணவில்லை போலும். எழுதிக் கொடுத்த உறுதிமொழி வரிகளை அப்பா இத்தாலிய மொழியில் தடுமாறி வாசித்த அன்று, அக்காவுக்குப் பதினெட்டு வயதும் முப்பத்தாறு நாளும்.

“அப்ப நான் வரேலாதா?” என்று அவள் அம்மாவிடம் கேட்டாள்.

“சட்டம் அப்பிடியாம் பிள்ளை” என்றார் அம்மா. அப்போது அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை சித்தப்பா அழைத்தார். அக்கா கடைக்குப் போயிருந்தாள். நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். “அண்ணை, இஞ்சை விசாரிச்சுப் பாத்தனான். தாய் தேப்பனோடை எண்டால் இருபத்தொரு வயது வரைக்கும் பிள்ளையள் வரலாமாம். இத்தாலிப் பாஸ்போட் இல்லாட்டியும் பரவாயில்லையாம். மூத்தவளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.” அவர் குரல் அறை முழுவதும் கேட்டது. அப்பா அவசரமாகத் தொலைபேசியைக் காதில் வைத்து, “பாப்பம், பாப்பம்” என்று சொல்லி முடித்தார்.

பிறகு அம்மா சொன்னார்: “அங்கை சரிவராட்டி எங்கை திரும்பி வாறது? சிஞ்ஞோரா வேறை ஆளை எடுத்துப்போடுவா. இந்த வீட்டையும் ஆரும் பிடிச்சிடுவினம். அவள் இஞ்சை நிண்டால் ரெண்டும் எங்களிட்டை இருக்கும்.”

அப்பா மேசை விரிப்பின் ஓரத்தை உருட்டினார், விரித்தார், மறுபடி உருட்டினார். “கொஞ்ச நாளைக்குத்தானே” என்றார்.

அதன் பிறகுதான் நான் அங்கே இருப்பதைப் பார்த்தார்கள். அம்மா அருகில் வந்து என் கன்னத்தைத் தடவினார். “அக்காட்டைச் சொல்லிப்போடாதை. பாவம், வீணாய் ஆசைப்படுவாள். நீ பெரிய பிள்ளையெல்லே?”

பெரிய பிள்ளையாக இருக்க எனக்கு மிகவும் ஆசை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சித்தப்பா பார்த்து வைத்த வீட்டில் பிள்ளைகளுக்கு ஓர் அறை இருந்தது. அக்கா வராவிட்டால் அது எனக்கு மட்டும்.

அக்கா கடைசி வருடப் படிப்பை விட்டுவிட்டு லிபெர்த்தாவுக்குப் போகத் தொடங்கினாள். சிஞ்ஞோராவை எப்படிப் புரட்டுவது, எந்த மாத்திரையைத் தூளாக்குவது என்று அம்மா கூட நின்று பழக்கினார். தாதியாகப் படிக்க நினைத்தவள்தான், ஆகவே சீக்கிரம் பழகிக்கொண்டாள் என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு, தலை பின்னும்போது அவள் சீப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “சித்தப்பா எடுக்கேக்கை என்னைப் பற்றி ஏதும் கதைச்சவரே?”

“இல்லை” என்றேன்.

அவள் பின்னலை முடித்தாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம், “அக்கா கேட்டவள், நான் சொல்லேல்லை” என்றேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். அம்மா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சார்புறூக்கன் சித்தப்பா சொன்னபடியே இருந்தது. ஆறு இருந்தது, மலை இருந்தது, வாடகை கட்டுப்படியாக இருந்தது. ஆறு மாதத்தில் அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. திரும்பிப் போகும் பேச்சே எழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும் அக்காவைக் கூப்பிடுவதை அடுத்த கோடைக்குத் தள்ளினார்கள். அவளுடைய இருபத்தோராவது பிறந்தநாளுக்குக் கணினித் திரையின் முன் நின்று பாட்டுப் பாடினோம். அடுத்த வருடம் சிஞ்ஞோரா இறந்துபோனார். அக்கா அதே தெருவில் வேறு இரண்டு வீடுகளுக்குப் போகத் தொடங்கினாள்.

எனக்குப் பதினாறு வயதானபோது சித்தப்பா ஒரு திருமணத்துக்காகப் பலெர்மோ போனார். நல்ல மனிதர், எதையும் மறைக்கத் தெரியாதவர். “நீ ஏன் பிள்ளை அப்ப வரேல்லை? வரலாமெண்டு நான் சொன்னனானெல்லோ” என்று அவளிடமே கேட்டிருக்கிறார்.

அக்கா அப்பாவையும் அம்மாவையும் அழைக்கவில்லை. என்னைத்தான் அழைத்தாள்.

“சித்தப்பா சொல்லேக்கை நீ வீட்டிலைதானே நிண்டனீ?”

“ஓம்.”

இணைப்பைத் துண்டித்தாள். அதன் பிறகு எங்கள் யாருடைய அழைப்பையும் அவள் எடுப்பதில்லை.

தலை பின்னிய அந்த நாளில், எங்கள் வீட்டில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் என்று நம்பித்தான் அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள். பத்து வயதில் அது எனக்கு விளங்கவில்லை.