அத்தையின் குவைத் கிரீம்

அத்தைக்கு அப்போது முப்பத்தாறு வயது. எனக்குப் பத்து. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டில், அப்பாவின் தங்கையான அவரும் எங்களோடுதான் இருந்தார். பதினெட்டு வருடம் கொழுந்து பறித்தவர். வெயிலுக்கும் காற்றுக்கும் சுருக்கியே பழகிய கண்களின் ஓரத்தில் பக்கத்துக்கு ஏழு கோடுகள். நெற்றிக்கு மேலே கூடைக் கயிறு பதித்த தடம் ஒன்று. இவற்றை நான் எண்ணி வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு.

மொனராகலையிலிருந்து ஒருவர் அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. வெளிநாட்டில் பல வருடம் டிரைவராக இருந்து திரும்பியவர். அவருக்கு அனுப்பிய படமோ, அத்தை இருபத்தைந்து வயதில் அடையாள அட்டைக்காக எடுத்தது. முன்பு இரண்டு பேர் அந்தப் படத்தை நம்பி வந்து நேரில் பார்த்துவிட்டுப் போய், பதிலே அனுப்பவில்லை.

"இவரும் படத்தத் தேடித்தான் வர்றாரு. நான் என்ன பண்றது?" என்றார் அத்தை.

அந்தச் சமயம் பார்த்து, குவைத்தில் வேலை செய்த என் சித்தி, ஊருக்கு வந்த ஒருத்தியின் கையில் ஒரு கிரீம் டப்பா கொடுத்தனுப்பினார். மூடியில் அத்தையின் பெயர் எழுதியிருந்தது. மற்றதெல்லாம் அரபு எழுத்து.

விடுமுறை நாளொன்றில் பண்டாரவளைக்குப் போய், வழக்கமாகத் துணி எடுக்கும் முஸ்லிம் கடைக்காரரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ராகத்தோடு வாசித்தார். அத்தை சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு பயபக்தியோடு நின்றார்.

"என்ன போட்டிருக்கு, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"ஓத ஏலும் மகள், அர்த்தம் தெரியா. இந்த ஒரு சொல்லு மட்டும் தெரியும். தோல்."

எங்களுக்கு அது போதுமாக இருந்தது. தோல் என்றால் முகம், வேறென்ன?

பதினொரு நாள், மாலை ஆறு மணிக்கு, அத்தை முகம் கழுவிவிட்டு வந்ததும் பூசுவது என் பொறுப்பு. பூசியபின் கோடுகளை எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஏழு. ஐந்தாம் நாளும் ஏழுதான். ஆனால் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் ஆறு என்று சொல்லிவிட்டேன். எண்ணிக்கையில் நான் சொன்ன முதல் பொய் அது. பதினோராம் நாள் நாலுக்கு வந்திருந்தோம். மனச்சாட்சிக்குப் பயந்து, "சிரிக்காத வரைக்கும் நாலு" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்தபின் மொனராகலைக்காரரும் அவருடைய அக்காவும் வந்து வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார்கள். அத்தை தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். சிரிக்கவில்லை. அப்பா பஸ்ஸைப் பற்றி ஏதோ வேடிக்கையாகச் சொன்னார். அதற்கும் சிரிக்கவில்லை.

அவருடைய அக்கா அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்: "பொண்ணுக்கு விருப்பமில்லையாங்க? வற்புறுத்தாதீங்க."

மொனராகலைக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழப்போனார். நான் உள்ளே ஓடி, டப்பாவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

"அத்தைக்கு விருப்பந்தான். உங்களுக்காகத்தான் இதப் பூசுனாங்க. சிரிச்சா கோடு விழும்னுதான் சிரிக்காம இருக்காங்க."

அவர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "எங்க பூசுனாங்க?"

"மூஞ்சில."

"இது குதிகால் வெடிப்புக்குப் போடுறதும்மா. அரபு நாட்டுல இருக்கப்ப நானும் போட்டிருக்கேன்."

அத்தை குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அப்ப பதினொரு நாளா என் குதிகாலுக்குத்தான் அநியாயம் நடந்திருக்கு."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திப் பார்த்தார், முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். ஏழு கோடுகளும், நான் அதுவரை கண்டிராத இன்னும் சிலவும் ஒன்றாக வெளியே வந்தன.

"மூஞ்சில வெடிப்பு ஒன்னையும் காணலியே. மருந்து நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார் அவர்.

அம்மா என்னை முறைத்தார். காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்று டப்பாவைப் பறித்துக்கொண்டு குசினிக்கு ஓடி, அடுப்பு விறகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அங்கிருந்தே அவருடைய குரல் கேட்டது. அத்தையிடம் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டுக்கொண்டிருந்தார். பெரகலயில் பஸ் மாறி வந்த மனுஷன், பாவம், தாகம் போல என்று நினைத்துக்கொண்டேன்.