நூறு வட்டங்களில் பதினொரு நார்

மலேசியாவில், சுங்கை வேயில் பிரேக் லைனிங் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதகராக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். லோரி மலையிறங்கும்போது பிரேக் நெருப்பாய்க் கொதிக்கும். அந்தச் சூட்டைத் தாங்குவதற்காக ரெசின் பசையோடு கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, கலந்து, அச்சில் வைத்து அழுத்தி வேகவைப்போம். இறுகிய துண்டுகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எழுபதுகளின் கடைசியில் அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தது நான்தான்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்தான்.

“அத்தான், பேக்கிங் செக்‌ஷன்ல ஒரு இடம் காலியாயிருக்கு. போயிடட்டுமா? தூசி தாங்கலலா. சோத்துலகூட நறநறன்னு கடிபடுது.”

“உனக்குன்னு காற்றாடி வச்சுக் கொடுத்திருக்கேனே. முதுகுப் பக்கமிருந்து காத்து அடிச்சா தூசி முன்னால போயிடும்.”

“போற மாதிரி தெரியலியே.”

“தூசிய எண்ணிப் பார்த்துச் சொல்றேன். பொறு.”

எதையும் எண்ணாமல் நம்ப எனக்கு வராது. காற்றை உறிஞ்சும் சிறிய பம்பில் வடிகட்டும் தாளைப் பொருத்தி நான்கு மணி நேரம் ஓடவிட்டேன். பிறகு தாளை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, கண்ணில் தெரியும் வட்டத்தை நகர்த்தி நகர்த்தி நூறு வட்டங்களில் கல்நார் இழைகளை எண்ணினேன். மொத்தம் பதினொரு நார். பயப்பட வேண்டிய எண்ணிக்கை இல்லை. மேலாளர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

“பதினொண்ணுதானா? அப்ப என் மூக்குதான் பொய் சொல்லுது” என்று சிரித்துவிட்டு அவன் சக்கரத்துக்கே திரும்பினான். பேக்கிங் வேலைக்கு வேறொருவர் போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில், கூரைத் தகட்டின் ஓட்டை வழியே வெயில் அவன் முன்னால் கம்பிபோல் இறங்கியிருந்தது. அதில் தூசியின் போக்கு தெரிந்தது. காற்று அவன் முதுகில் மோதிப் பிரிந்து, இரு பக்கமும் கடந்து, நெஞ்சுக்கு முன்னால் சுழன்றது. ஆற்றில் பாறையைத் தாண்டியதும் குப்பை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு கிடக்குமே, அப்படி. கனமான துகள்கள் தரையில் விழுந்தன. மெல்லிய தூசி சுழலோடு எழும்பி அவன் முகத்துக்கே வந்தது. நான் பம்பை வைத்தது அவனுக்குப் பின்னால், காற்றாடியின் பக்கத்தில். பிளக் அங்கேதான் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியே வந்த நல்ல காற்றை நான்கு மணி நேரம் பிடித்து எண்ணியிருக்கிறேன்.

அன்றே காற்றாடியைப் பக்கவாட்டில் மாற்றி வைத்தேன். காரணத்தை அவனிடம் சொல்லவில்லை. மறுபடி எண்ணவுமில்லை. எண்ணினால், கையெழுத்தான அறிக்கை தப்பு என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். அவன் மேலும் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே நின்றான்.

தொண்ணூறுகளின் நடுவில், கிள்ளானில் அவன் வீட்டு மாடிப்படிகள் பதினான்கில் ஆறாவதிலேயே உட்கார்ந்துவிடுவான். கல்நார் படிந்து நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டாக்டர். பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த என் வீட்டிலிருந்து சனிக்கிழமைதோறும் போய் அவன் பக்கத்தில் உட்காருவேன். நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பேன். முப்பத்திரண்டு, சில நாள் முப்பத்தாறு. பதினாறு சனிக்கிழமைகள் சொல்லாமலே திரும்பினேன். பதினேழாவதில் பம்பை எங்கே வைத்தேன் என்பதைச் சொன்னேன்.

மூச்சு சேரும்வரை காத்திருந்து கேட்டான்.

“எப்ப தெரிஞ்சுது, அத்தான்?”

“மூணு மாசத்துல.”



“பேக்கிங்ல அதுக்கப்புறம் ரெண்டு தடவ இடம் காலியாச்சு. நான் கேக்கல. அத்தான்தான் எண்ணிட்டாரேன்னு இருந்துட்டேன்.”

 மூச்சு வாங்கிக்கொண்டு அவனே கேட்டான்.

“அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லாதீங்கலா. வயசான காலத்துல உங்களுக்கு யாரு சோறு போடுவா?”

சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. அடுத்த மாதம் போய்விட்டான்.

அவனுடைய திவசத்தன்று இலையில் படைத்துவிட்டு, “ஒரு சிகரெட்கூடப் பிடிச்சதில்லியே, அவனுக்கு ஏன் இப்படி?” என்று என் மனைவி ஆண்டுதோறும் என்னிடம் கேட்கிறாள். இதை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இன்னும் காட்டவில்லை.