மூக்குராசாவும் சின்ன மூக்கும்

என் தம்பிக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது அவன் பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாகத் தூங்குகிறது. மற்றபடி உலகத்துக்கு அவன் மூக்குராசா. சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷமாக அவனுக்கு ஒரே வேலை: மோந்து பார்ப்பது. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சோப்புக் கட்டிகளின் வரிசை முன்னால் நடப்பான். அவன் மூக்கு ஓரிடத்தில் நின்றால் இயந்திரங்களும் நின்றுவிடும்.

ஒரு தரம் நாலாயிரம் ரோஜா சோப்பை அப்படி நிறுத்தினான். "இதுல யாரோ அழுதிருக்காங்க" என்றான். மேலாளர் சிரித்தார். விசாரித்தால், கலவை போடுகிற ஆளுக்கு அன்று காலையில்தான் காதலி கடுதாசி எழுதிக் கைகழுவியிருந்தாள். மனுஷர் கொப்பரைக்கு மேலேயே குனிந்து நின்று கண்ணீர் விட்டிருக்கிறார். நான் எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. இதில் கூட்டியது பாதிதான்.

மழையை முந்தின நாளே மோந்துவிடுவான். மூன்று வீடு தள்ளிப் பால் பொங்கப்போவது இவனுக்குத்தான் முதலில் தெரியும். மகள் பள்ளிக்கூடப் பையைத் திறக்கும் முன்பே, "கெமிஸ்ட்ரில முப்பத்தெட்டா?" என்று கேட்டிருக்கிறான். அந்த ரோஷத்தில்தான் அவள் கெமிஸ்ட்ரியையே படித்து, இன்று தூரத்து ஊரில் மருந்துக் கம்பெனிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

தம்பி மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும், தம்பியும் அப்படித்தான். அவள் காரில் இரண்டு பிரேக், ஒன்று படிப்பவருக்கு, ஒன்று இவளுக்கு. வீட்டிலும் பிரேக் இவள் காலடியில்தான். மூக்குராசாவிடம் இருப்பது ஆக்சிலேட்டர் மட்டும்.

மகளுக்குப் பத்து மாதக் குழந்தைகளாக இரட்டைப் பெண்கள். ஏழு நிமிஷம் முந்திப் பிறந்தவள் பெரியவள், மற்றவள் சின்னவள். அந்தக் குளிர்காலத்தில் ஒரு மாதம் பேத்திகளோடு வந்து தங்குவதாக மகள் சொன்னதும், தம்பி சந்தோஷத்தில் தொழிற்சாலையில் எலுமிச்சை சோப்பை மல்லிகை என்று பாஸ் போட்டுவிட்டான். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தவறு. அவ்வளவு ஆசை.

ஆனால் மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். பார்சலில் ஒரு வெள்ளை டப்பா வந்தது. உள்ளங்கை அகலம், நடுவில் ஒரு பொத்தான், ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி விளக்கு.

"அப்பா, அது கார்பன் மோனாக்சைடு அலாரம். வெந்நீருக்கு அந்தப் பழைய கேஸ் பாய்லரை வச்சிருக்கீங்களே, அதுல நெருப்பு சரியா எரியலைன்னா இந்த வாயு வரும். அலாரத்தை மாட்டி, அது கத்துறதை நான் காதால கேக்கணும். அப்புறம்தான் டிக்கெட்."

"எனக்கே மூக்கு அனுப்புறியா?" என்றான் தம்பி.

"அதுக்கு வாசனையே கிடையாதுப்பா."

"வாசனை இல்லாத பொருள் உலகத்துல உண்டா கண்ணு? நேத்து அடுப்புல கேஸ் கசிஞ்சப்போ மாடியில இருந்தே கண்டுபிடிச்சேன்."

"அந்த கேஸுக்கு வாசனையைக் கம்பெனியில கலக்குறாங்க, உங்கள மாதிரி மூக்குங்களுக்காக. இதுல யாரும் எதையும் கலக்கல. நிறமில்ல, ருசியில்ல, வாசனையில்ல. தலை சுத்தும், தலை வலிக்கும், வாந்தி வரும். காய்ச்சல்னு நினைச்சுப் படுத்தா எந்திரிக்கவே மாட்டோம்."

"அப்ப அதை வரச்சொல்லு, மோந்து பாத்துடலாம்!" என்று போனை வைத்தான்.

பேத்திகள் வேண்டும், டப்பா வேண்டாம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் தவியாய்த் தவித்தான். முதலில் அதை அடுப்புக்கு நேர் மேலே மாட்டினான். "நெருப்புப் பக்கத்துல இருந்தாத்தானே தெரியும்?" எண்ணெய்ப் புகை அப்பி அதன் முகம் மஞ்சளாவதற்குள் டீச்சர் கழற்றித் துடைத்தாள். அடுத்துக் குளியலறை. ஆவியில் டப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. மூன்றாவதாக ஹாலில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்தான். "பார்க்க லட்சணமா இல்ல" என்றான். உண்மையில், தொழிற்சாலை நண்பர்கள் வந்தால் தன் வீட்டில் இன்னொரு மூக்கைப் பார்த்துவிடுவார்களே என்ற மானப் பிரச்சினை.

மகள் போன் பண்ணினாள். "மாட்டியாச்சா? பொத்தானை அழுத்துங்க, கேக்கணும்."

டீச்சர் பாடம் எடுக்கப் போயிருந்தாள். தம்பிக்குத் திரைச்சீலையை விலக்கச் சோம்பல். விலக்கினால் தோற்றுப்போனது போல ஒரு நினைப்பு வேறு. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்துக்கொண்டு, "பீப்! பீப்! பீப்! பீப்!" என்றான்.

அந்தப் பக்கம் மகள் கடைசி வரை கேட்டாள்.

"அப்பா."

"என்ன கண்ணு?"

"அலாரம் நடுவில மூச்சு வாங்குமா?"

அன்று சாயங்காலமே டீச்சர் துளை போடும் இயந்திரத்தைக் கையில் எடுத்தாள். டப்பாவோடு வந்த சின்னப் புத்தகத்தை, சாலை விதிகளைப் படிப்பதுபோல் வரிவரியாகப் படித்தாள். படுக்கையறைகளுக்கு வெளியே, நடைபாதையில், எந்த அலமாரியும் திரையும் மறைக்காத சுவரில், புத்தகம் சொன்ன உயரத்தில் மாட்டினாள். அடுப்பிலிருந்தும் பாய்லரிலிருந்தும் அது சொன்ன தூரத்தை அடிக்கோல் வைத்து அளந்தாள். பொத்தானை அழுத்தினாள். நாலு பீப், ஒரு இடைவெளி, மறுபடி நாலு பீப். எதிர் வீட்டு நாய் எழுந்து நின்றது. போனில் மகள், "இது அசல்" என்றாள்.

சுவரில் ஒரு சீட்டும் ஒட்டினாள் டீச்சர்: "நாலு நாலாக் கத்தினா எல்லாரும் வெளியே. நிமிஷத்துக்கு ஒரு தடவை சிணுங்கினா பேட்டரி மாத்தணும். மாசம் ஒரு தடவை பொத்தான்."

தம்பி அதற்குச் சின்ன மூக்கு என்று பெயர் வைத்தான். தினம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அதன் எதிரே நின்று, "என்னடா, ராத்திரி ஏதாவது மோந்தியா? இல்லையா? சம்பளத்தை மட்டும் வாங்கிக்கோ" என்று வம்புக்கு இழுப்பான். அது பச்சை விளக்கைச் சிமிட்டும். அந்தச் சிமிட்டல் தன்னைக் கிண்டல் பண்ணுகிறது என்று என்னிடம் புகார் வேறு.

பேத்திகள் வந்தார்கள். வீடு தலைகீழானது. பெரியவள் தாத்தா மூக்கை இழுப்பாள். சின்னவள் அதைத் திருகுவாள். முப்பத்தோரு வருஷம் யாரையும் தொடவிடாத மூக்கு அது! இவன் இருவரையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ராட்டினம் சுற்றுவான். வாரத்துக்கு ஒன்றாக லீவு போட ஆரம்பித்தான்.

அப்படி லீவு போட்ட ஒரு வியாழக்கிழமைதான் அது நடந்தது. மூன்று பேர் எனக்கு மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுத் தச்சர் காலையிலேயே தான் செய்த கதவுகளைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்து வார்னிஷ் அடிக்க ஆரம்பித்தார். மூக்குராசா துடித்துப்போனான். "என் பேத்திங்க மூக்கு இப்பத்தான் முளைச்சிருக்கு! அதுல வார்னிஷா?" ஜன்னலை எல்லாம் இறுக்கிச் சாத்தினான். கதவு இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தான். அப்படியும் ஒரு நூலிழை வாசனை வந்ததாம். எங்கே எங்கே என்று மோந்துகொண்டே போய், சமையலறைப் பாய்லரின் முன்னால் நின்றான். பாய்லரின் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளியே போகிறது. ஆகா, பகைவன் இந்த வழியாக வருகிறான் என்று தீர்மானித்தான். யாரிடமும் மூச்சு விடாமல் கொல்லைப்புறம் போய், ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் குழாயின் வாயில் தன் கம்பளிச் சாக்ஸ்களைச் சுருட்டிச் சுருட்டித் திணித்தான். திணித்துவிட்டு உள்ளே வந்து நெஞ்சு நிறைய மூச்சிழுத்தான். வார்னிஷ் வாசனை போயே போய்விட்டது.

உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத யோசனை. மூக்கு மட்டும் இருப்பவனுக்குத்தான் தோன்றும். வருஷா வருஷம் பாய்லரைப் பார்க்கவேண்டிய மெக்கானிக்கையும், "நான் மோந்துட்டேன், நல்லாத்தான் இருக்கு" என்று இரண்டு வருஷமாகத் திருப்பி அனுப்பியது இவன்தான்.

மதியம். பேத்திகளைக் குளிப்பாட்ட வெந்நீருக்காகப் பாய்லர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "லேசா தலைவலி" என்றாள். மகள், "எனக்கும்தான். ராத்திரி தூங்கவே விடல இதுங்க" என்றாள். மூக்குராசாவோ, சோப்பு நுரை வழிய வழிய இரண்டு குழந்தைகளையும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கூடத்தில் ராட்டினம் சுற்றினான். சுவர் சுற்றியது, விளக்கு சுற்றியது. நின்ற பிறகும் சுற்றியது.

"டீச்சர்! சந்தோஷம் தலைக்கேறிடுச்சு! நின்னாலும் சுத்துது!" என்று கெக்கலித்தான். குழந்தைகள் சிரிக்கவில்லை. சின்னவள் அவன் தோளில் தலை சாய்த்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் நடைபாதைச் சுவரில் சின்ன மூக்கு வாயைத் திறந்தது. பீப் பீப் பீப் பீப்!

தம்பி குழந்தைகளை மகளிடம் கொடுத்துவிட்டு அதன் எதிரே போய் நின்றான். மூக்கை நீட்டினான். இடது துளை, வலது துளை, இரண்டும் சேர்த்து. "சோப்பு. ஈரத் துண்டு. டீச்சரோட தைலம். வேற ஒண்ணுமே இல்ல. புளுகுறான் பயல்!" சொல்லிக்கொண்டே பேட்டரியைக் கழற்ற ஸ்டூலை இழுத்தான்.

"பிரேக்!" என்றாள் டீச்சர்.

இருபது வருஷமாக லாரிகளுக்கு நேரே வண்டியை விடுகிற ஆட்களை நிறுத்திய குரல் அது. தம்பியின் ஒரு கால் ஸ்டூலில், ஒரு கால் தரையில், அப்படியே நின்றுவிட்டான்.

"அது புளுகினா வெளியே நின்னு சிரிச்சுக்கலாம். நீங்க புளுகினா யாரும் சிரிக்க இருக்க மாட்டோம். நடங்க!"

"செருப்பு…"

"செருப்பு சாகாது. நடங்க!"

அவர்கள் வெளியே வந்த ஊர்வலத்தைத் தெருவே பார்த்தது. முன்னால் நுரையும் துண்டுமாக இரண்டு பேத்திகளைத் தூக்கிய மகள். பின்னால் வெறுங்காலோடு மூக்குராசா. கடைசியில் டீச்சர், பாடம் முடிந்து இறங்குபவர்களை எண்ணுவதுபோல், "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நான் அஞ்சு" என்று எண்ணிக்கொண்டு. எல்லாரையும் தெருவில் நின்ற தன் காருக்குள் அடைத்து, கண்ணாடிகளை இறக்கி, தச்சரின் கம்பளியால் குழந்தைகளைப் போர்த்தி, அங்கிருந்தே தீயணைப்புக்குப் போன் பண்ணினாள். தம்பி இரண்டு தடவை, "பாய்லரை அணைச்சுட்டு ஓடி வந்துடறேன்" என்று கார்க் கதவைத் திறக்கப் போனான். இரண்டு தடவையும் டீச்சர் எல்லாக் கதவையும் பூட்டுகிற பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து நிமிஷத்தில் சின்னவள் கண்ணைத் திறந்து, தாத்தா மூக்கை எட்டிப் பிடித்துத் திருகினாள். தம்பி அழுதான். மகள் அவன் பக்கம் திரும்பாமல் கம்பளியை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. இனி இந்த வீட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவாளா?

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. ஐந்து பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். முப்பத்தோரு வருஷமாகத் திறந்தே இருந்த மூக்குக்கு மூடி விழுந்தது. தீயணைப்பு அதிகாரியம்மா முகக்கவசமும் வாயுவை அளக்கிற மீட்டருமாக உள்ளே போய், பாய்லரை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கொல்லைப்புறம் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு கம்பளிச் சாக்ஸ்.

"குழாயை இது அடைச்சிருக்கு" என்றார். மறுபடி போனார். இன்னொன்று. மறுபடி. மந்திரவாதி தொப்பியிலிருந்து முயலை எடுப்பதுபோல் ஏழு சாக்ஸை எடுத்துத் தெருவோரத்தில் அடுக்கினார்.

"யாரோடது இது?"

தச்சர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். தம்பி ஆகாயத்தைப் பார்த்தான்.

மகள் முகமூடியை விலக்கினாள். "அப்பா மோந்து பாத்தே சொல்லிடுவாங்க. குடுங்க."

அதிகாரியம்மா ஒன்றை நீட்டினார். தப்பிக்க வழியில்லை. மூக்குராசா ஆக்ஸிஜன் மூடியைத் தூக்கி, ஒரே ஒரு முறை மோந்தான். முகம் கோணியது.

"என்னுதுதான்" என்றான். அப்புறம், தொழில் தர்மம் விடாமல், "செவ்வாக்கிழமை போட்டது" என்றான்.

முதலில் வெடித்தது அதிகாரியம்மா. பிறகு தச்சர், டீச்சர், ஆம்புலன்ஸ் டிரைவர். மகள் கடைசியாகத்தான் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே அழுதாள்; அழுதுகொண்டே அப்பனின் காதைத் திருகினாள். "மெக்கானிக் வந்து பாய்லரை மாத்தட்டும். மீட்டர் வச்சவங்க சரின்னு சொல்லட்டும். மாடியிலயும் ஒரு அலாரம் வரட்டும். அதுவரைக்கும் நாங்க அத்தை வீட்டுல. அப்புறம் வர்றோம்."

"வருவியா கண்ணு?"

"சாக்ஸ் எல்லாத்தையும் அம்மாகிட்ட ஒப்படைச்சா வருவேன்."

அத்தை வீடு என்றால் என் வீடு. நாலு நாள் இருந்தார்கள். ஐந்தாம் நாள் எல்லாம் சரியாகி, பேத்திகள் மூக்குராசா வீட்டுக்குத் திரும்பினார்கள். மீதி மாதம் முழுக்க இருந்தார்கள்.

இப்போதெல்லாம் ஒன்றாம் தேதியானால் அவனே இரண்டு அலாரத்தின் பொத்தானையும் அழுத்துகிறான். முதுகில் இருக்கிற காலாவதித் தேதியைத் தன் பிறந்தநாளை விட நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறான். வேலைக்குக் கிளம்பும்போது சின்ன மூக்குக்கு ஒரு சலாம் வைக்கிறான். "உனக்குத் தெரியுறது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரியுறது உனக்குத் தெரியாது. வார்னிஷை நான் பாத்துக்கறேன்" என்று சமாதானமும் பேசியாகிவிட்டது.

இரட்டையரின் முதல் வார்த்தை அம்மாவுமில்லை, தாத்தாவுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் மகள், "அப்பா, கேளுங்க" என்றாள். அந்தப் பக்கம் இரண்டு குரல்: "பீப்! பீப்! பீப்! பீப்!"

மூக்குராசா கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

"இது அசல் இல்ல" என்றான், முகமெல்லாம் பல்லாக. "நடுவில மூச்சு வாங்குது."