இரண்டாம் பிள்ளைக்கு ஒரு வளைகாப்பு

சாலோமி டீச்சருக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். சந்தோஷம் வந்துவிட்டாலோ கால் தரையில் நிற்காது. தொண்ணூற்று மூன்று கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை, ஏரல் பஸ்ஸிலிருந்து இறங்கிச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் வரப்பில் ஓடியதைப் பார்த்தவர்கள், ஊரில் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். கையில் பால்வாடிப் பதிவேடு இருந்தது.

அவள் பால்வாடியில் இருபத்தாறு பிள்ளைகள். அதில் ஒன்பதுக்கு உட்காரவே வராது. பாட்டுச் சொல்லிக்கொடுத்தால் பாதியில் எழுந்து ஓடும், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், கூப்பிட்டால் காதில் விழாது. வால் முளைத்த கழுதைகள் என்று திட்டிக்கொண்டுதான் இருந்தாள் டீச்சர். அன்று காலை ஒன்பது பேரையும் தனித்தாளில் எழுதிப் பார்த்தால், எட்டுப் பேர் அந்தந்த வீட்டின் இரண்டாவது, மூன்றாவது பிள்ளைகள். அவர்களுடைய அக்காள், அண்ணன்மார் எல்லாம் சமர்த்தாக உட்கார்ந்து படித்துப் போனவர்கள்.

ஏன் என்று யோசித்தவளுக்குப் பொறி தட்டியது. தலைப்பிள்ளை உண்டானால் மருமகளை வெயிலில் விடமாட்டார்கள். வளைகாப்புப் போட்டுப் பிறந்த வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டாவது என்றால் யார் கவனித்தார்கள்? பூச்சிமருந்து அடித்த ஈரம் காயுமுன்னே வயலில் இறங்கிக் குனிந்து களையெடுப்பாள், குனிய முடிகிறவரைக்கும். முதல் பிள்ளைக்கு வளை, இரண்டாம் பிள்ளைக்குக் களை. இதுதான் இந்த ஊர் நியாயம்.

எட்டாவதாக அவள் எழுதிய பெயர் ஹெப்ரான். அவளுடைய இளைய மகன். அவனைச் சுமந்தபோது இந்த வேலை கிடைத்திருக்கவில்லை, களையெடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். அடங்கமாட்டேன் என்கிறானே என்று அவன் முதுகில் எத்தனை நாள் பிரம்பு வைத்திருக்கிறாள். ஆனால் உட்கார்ந்து அழ நேரமில்லை.

முதலில் ஏரலுக்குப் பஸ் ஏறி அரசு டாக்டரம்மாவிடம் ஓடினாள். டாக்டரம்மா தாளை இரண்டு தடவை படித்தார்.

“இருபத்தாறு பிள்ளைய வச்சு இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர். பிள்ளைங்க துறுதுறுன்னு இருக்க நூறு காரணம் இருக்கு. ஆனா கேள்வி நல்ல கேள்வி. வயித்துப்பிள்ளைக்காரி மருந்துப் பக்கமே போகாம இருந்தா நஷ்டம் ஒண்ணும் இல்ல.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை என்பதே டீச்சருக்குப் போதும். சிறகு முளைத்துவிட்டது. அவள் சிநேகிதி உலகம்மாளுக்கு இது மூன்றாம் மாதம், இரண்டாவது பிள்ளை. உலகம்மாளின் புருஷன் காசிலிங்கம்தான் ஊருக்கெல்லாம் மருந்து அடிக்கிறவர். திங்கட்கிழமை இலைச்சுருட்டுப் புழுவுக்கு அடிக்க ஆரம்பிக்கிறார். அதே வயலில் உலகம்மாள் களையெடுப்பாள், மருந்தில் நனைந்த அவர் சட்டையையும் அவளே துவைப்பாள். அதற்குள் அவளை வயலை விட்டுக் கிளப்பியாக வேண்டும்.

வரப்பில் ஓடி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, மூச்சிரைக்க டீச்சர் சொல்லி முடிக்கும்வரை காசிலிங்கம் பொறுமையாகக் கேட்டார்.

“எங்க அம்மை ஆறு பெத்தா டீச்சர். ஆறும் வயக்காட்டுல நின்னு சுமந்ததுதான். யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?”

“உங்க அம்மை காலத்துல டப்பா மருந்தா அடிச்சாவ? சாம்பலும் வேப்பங்கொட்டையும்லா போட்டாவ. நீங்க அடிக்க மருந்துல மண்டையோடு படம் போட்டிருக்கான். புழு சாவுதுல்லா அண்ணாச்சி? மூணு மாசத்துப் பிள்ளை புழுவைவிட எம்புட்டுப் பெரிசு?”

காசிலிங்கம் மனைவியைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“அதுக்காவ இவளை வீட்டுல உக்கார வைக்க முடியுமா? களையெடுப்பு நேரத்துல ஊரு என்ன சொல்லும்?”

ஊர்தானே? ஊர் வாயை ஊரை வைத்தே அடைத்துவிடலாம் என்று டீச்சருக்குத் தோன்றிவிட்டது.

“நாளைக்கே உலகம்மாளுக்கு வளைகாப்பு. வளை போட்டவளை அம்மை வீட்டுக்கு அனுப்பாம சேத்துல இறக்குனா, ஊரு உங்களைத்தான் காறித் துப்பும்.”

காசிலிங்கம் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. “ரெண்டாவது பிள்ளைக்கு வளைகாப்பா? அதுவும் மூணாம் மாசத்துல?”

“அஞ்சு, ஏழு மாதிரி மூணும் ஒத்தப்படைதானே.”

“மாசியில பிசான நெல்லு அறுக்கது வரைக்கும் நான் சோத்துக்கு எங்கன போவேன்?”

“அம்மாம்பெரிய மருந்து டேங்கை முதுகுல சுமக்கத் தெரியுதுல்லா, அரிசி பொங்கத் தெரியாதாக்கும்?”

அதுவரை வாயே திறக்காத உலகம்மாள் அப்போதுதான் பைய ஒரு வார்த்தை சொன்னாள். “டீச்சர், பச்சை வளையா பாத்து வாங்குங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ஹாஜா கடையில் இரண்டு டஜன் பச்சை வளையல் வாங்கிக்கொண்டு டீச்சர் வந்து நின்றாள். கேலி பேச வந்த பெண்கள், சித்ரான்னம் தின்றபிறகு ஆளுக்கு ஒரு வளை போட்டார்கள். நாத்தனார் ஆரத்தி எடுத்தாள். டீச்சர் கண்ணை மூடி ஒரு ஜெபம் சொன்னாள். வயிற்றில் மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்த ஒருத்தி, “எனக்கும் உண்டா டீச்சர்?” என்று காதோரம் கேட்டபோது டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் காலை காசிலிங்கமே பையைத் தூக்கிப்போய் உலகம்மாளைத் திருச்செந்தூர் பஸ்ஸில் அம்மை வீட்டுக்கு ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகுதான் டேங்கைத் தோளில் மாட்டினார்.

பிறந்தது ஆண். தொண்ணூற்று ஏழு ஜூனில் பால்வாடிக்கு வந்தான். வந்த அன்றைக்கே தண்ணீர்க் குடத்தை உருட்டி, இரண்டு பேரைக் கடித்து, சன்னல் கம்பியில் ஏறி நின்றான். டீச்சருக்கு முகம் தொங்கிப்போயிற்று. இதற்கா அந்த ஓட்டம் ஓடினோம்?

சாயங்காலம் காசிலிங்கம் வாசலில் வந்து நின்றார். “நாளைக்குக் கீழவயலுக்கு மருந்து அடிக்கேன். வயித்துப்பிள்ளைக்காரிய யாரெல்லாம் இருக்காவ, சொல்லுங்க” என்றார். மூன்று வருஷமாக டேங்கைத் தொடுமுன் இப்படிக் கேட்டுக்கொண்டு போவது அவர் வழக்கமாகியிருந்தது. டீச்சர் இரண்டு பெயர் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி, “உங்க மகன் விஷயத்துல நான் நினைச்சது நடக்கலையே அண்ணாச்சி. எல்லாப் பிள்ளையளையும் மிஞ்சிட்டான்” என்றாள்.

காசிலிங்கம் சன்னலில் தொங்கிய மகனை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“வீட்டுலயும் ஒரு சாமானை விட்டுவைக்கலை டீச்சர். இருந்துட்டுப் போட்டும். இது என் கையால வந்த வினையோன்னு ஒருநாளும் நான் நினைக்க வேண்டாம்லா?”