ஒரு சார்ஜரும் லொட்ஜ் முழுக்கப் பற்றரிகளும்

லொட்ஜில் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்குத் அறைகளின் திறப்புகளைக் கொடுப்பதும் வாங்குவதும்தான் வேலை என்று நினைத்துத்தான் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வெள்ளவத்தைக்கு வேலைக்கு வந்தேன். யுத்த காலம். விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களும், வியாபாரத்துக்குக் கிழக்கிலிருந்து வந்தவர்களும் மாதக்கணக்கில் தங்குவார்கள். யாரோ அறைக்குள் களவாக ஹீட்டர் போட்டு ஃபியூஸ் போனதிலிருந்து முதலாளி அறைப் பிளக்குகளையெல்லாம் மூடிவிட்டார். மிஞ்சியது என் மேசைப் பக்கத்துப் பிளக் மட்டும். அதில், கனடாவுக்குப் போன ஒருவர் விட்டுப்போன பற்றரி சார்ஜர். விரலளவு பென்ரோர்ச் பற்றரி நாலு வைக்கலாம். சார்ஜ் பண்ணும் பற்றரிகளை வெளிநாட்டுச் சொந்தங்கள் ஆளுக்கொரு கம்பனியாக அனுப்பிவைப்பார்கள். நாலு கம்பனிப் பற்றரியை ஒரே சார்ஜரில் போட்டுப் பார்த்தவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும்.

பந்தி

அந்தச் சார்ஜருக்குப் பற்றரி சோடியாக வேண்டும். ஒற்றையாகப் போட்டால் லைற்றே எரியாது. கல்முனையிலிருந்து புடவை வாங்க வரும் முஸ்லிம் வியாபாரி நானாவின் அலாரம் மணிக்கூட்டுக்கு ஒரு பற்றரி. எதிர் அறையில் இருந்த ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டரின் சின்ன ரோர்ச்சுக்கும் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். எல்லாருக்கும் நன்மை என்று நினைத்தேன்.

நானாவினது பழைய பற்றரி, மத்தியானத்துக்குள் நிறைந்துவிட்டது. மாஸ்டரினது புதுசு, கொள்ளளவு கூடியது. பின்னேரமாகியும் இழுத்துக்கொண்டே இருந்தது. நானாவினதை எடுத்தால் மாஸ்டரினது நின்றுவிடும். எடுக்காமல் விட்டதில் அது கொதிக்கத் தொடங்கியது. நானா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

“பிள்ள, மாஸ்டர்ட பற்றரி சாப்பிட்டு முடியும் வரைக்கும் எண்ட பற்றரி ஏன் பந்தியில குந்திக்கிட்டு வேகணும்?”

மாப்பிள்ளையின் குரல்

வதனி மானிப்பாய்ப் பிள்ளை. சுவிஸில் இருந்த மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்தவள். அவர் கடிதம் எழுதுவதில்லை. கசற்றில் பேசி அனுப்புவார். வதனி அதை வோக்மனில் போட்டு, பின்னேரங்களில் என் மேசைக்கு முன்னால் இருந்த கதிரையில் இருந்து கேட்பாள். வோக்மனுக்குள் ஒரு பற்றரி அவர் அனுப்பியது, மற்றது புறக்கோட்டைச் சந்தையில் மலிவாக வாங்கியது. ஒருநாள் எனக்கும் ஹெட்போனின் ஒரு காதைத் தந்தாள். கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் யோசித்து யோசித்து இறக்கி வைக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கிழமைதான் அவள் கலியாணத்துக்குச் சம்மதம் எழுதிப் போட்டாள்.

அடுத்த கசற் வந்த நேரம், புறக்கோட்டைப் பற்றரி செத்துவிட்டது. ஒரே கம்பனிச் சோடியொன்றை நான் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தேன். போட்டவள் முகம் மாறியது. நிற்பாட்டினாள், திரும்பப் போட்டாள். எனக்குத் தந்தாள். மெல்லிய குரல். பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் கூப்பிடுகிற வேகம். பழைய கசற்றையும் போட்டுப் பார்த்தோம். அதிலும் அதே வேகம்தான். இத்தனை நாளும் அவரை நிதானமானவர் ஆக்கி வைத்திருந்தது, வோக்மனை மெதுவாக ஓடவிட்ட புறக்கோட்டைப் பற்றரி.

பிறகு அவள் சுவிஸுக்குப் போய் அவரைத்தான் கட்டினாள். கசற் கேட்ட அன்றைக்கு மட்டும் வோக்மனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அக்கா, இவ்வளவு ஆறுதலாக் கதைக்கிற மனுசன் எண்டுதானே நான் ஓமெண்டு எழுதினனான்.”

எழுத்து

மன்னார்க் கொன்ராக்டர் ஒருவர் சாதாரணப் பற்றரியைக் கொண்டுவந்து, நான் சாப்பிடப் போன நேரம் சார்ஜருக்குள் வைத்துவிட்டார். வந்து பார்த்தால் வெள்ளையாகக் கசிந்து குழியெல்லாம் பிசுபிசு. ‘சார்ஜ் பண்ண வேண்டாம்’ என்று அதன் உடம்பிலேயே எழுதியிருந்ததைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாக வாசித்தார்.

“பற்றரி சைனாவில செய்தது, எழுத்து இங்கிலீசு. அதுக்கு எப்பிடித் தங்கச்சி விளங்கும்?”

பூட்டிய அறை

செல்லத்துரை ஐயா மேல்மாடியில் தனியாக இருந்தார். லண்டனில் இருந்த மகளிடம் போகக் காத்திருந்தவர். காது கேட்கும் மெஷின் சட்டைப் பைக்குள் இருக்கும், வயர் காதுக்குப் போகும். அதற்கு ஒரு பற்றரி. வேறு கம்பனிப் பற்றரி போட்டால் காதுக்குள் விசிலடிக்கிறது என்பார். மகள் அனுப்பிய ஒன்றுதான் சரிவந்தது. அதைச் சார்ஜுக்குத் தந்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு இருப்பார். வேறு யாரினதோடாவது சோடி சேர்த்துப் போட்டு, பச்சை லைற் வந்ததும் நான் மேசையிலிருந்த மற்றத் திறப்பால் கதவைத் திறந்து கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒருநாள் காலையில் பொலிசும் ஆமியும் செக்கிங்குக்கு வந்தார்கள். எல்லாரும் அடையாள அட்டையோடு கீழே இறங்கி நின்றார்கள். ஐயாவின் கதவு மட்டும் திறக்கவில்லை. தட்டினார்கள், இடித்தார்கள். நான் மேலே ஓடிப்போய்ச் சிங்களத்தில், “எயாட்ட எஹென்னே நே, சேர்” என்றேன். அவருக்குக் காது கேட்காது என்றால் அதிகாரி நம்பவில்லை. காது கேளாத மனிதன் உள்ளே ஏன் பூட்டிக்கொண்டு இருக்கிறான் என்று கேட்டார். ஒருவன் கதவை உதைக்கத் தயாரானான். மற்றவன் துவக்கை நிமிர்த்தினான்.

எனக்குப் பயம் கதவைப் பற்றியல்ல. திடுக்கிட்டு எழும்பினால் ஐயாவின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குத்தான் போகும். துவக்கோடு நிற்பவன் அதை என்னவென்று எடுப்பான்? மற்றத் திறப்பு என்னிடம் இருக்கிறது, நானே முதலில் உள்ளே போகிறேன் என்று கெஞ்சினேன். அதிகாரி யோசித்துவிட்டுத் தலையசைத்தார். கீழே ஓடித் திறப்பை எடுத்தேன். சார்ஜரிலிருந்து ஐயாவின் பற்றரியையும் பிடுங்கிக்கொண்டு ஏறினேன்.

ஐயா கதவுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்துக்கொண்டு சேர்ட் மடித்துக்கொண்டிருந்தார். சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். என்னைக் கண்டதும் சிரித்தார். கையைத் தூக்க விடாமல் பிடித்துக்கொண்டு, நானே பைக்குள்ளிருந்து மெஷினை எடுத்துப் பற்றரியைப் போட்டு, வயரைக் காதில் செருகினேன். அதிகாரி மெஷினைப் பார்த்தார், அடையாள அட்டையைக் கேட்டார், பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். துவக்குகள் கீழே இறங்கின. ஐயா வாசலில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, அதுக்குள்ள பச்சை லைற் வந்திட்டுதே?”

நான் வேலையை விடுகிற காலத்தில் முதலாளி லொட்ஜ் முழுவதற்கும் ஒரே கம்பனிப் பற்றரியாக வாங்கி வைத்தார். தங்க வருகிற மனிதரை ஒரே கம்பனியில் எடுக்கிற வழிதான் அவருக்கும் அகப்படவில்லை.